ஒரு லிட்டர் எண்ணெய் எவ்வளவு எடை இருக்கும்? அறிவியல் கல்வியும் ஒரு நாட்டின் உழைப்பும்

1983 ஜூலை 23. கனடாவின் வானில் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஏர் கனடா 143 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. எரிபொருள் தீர்ந்துவிட்டது. அது புத்தம்புதிய போயிங் 767. விமானி பாப் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர்களை ஓட்டிய பழக்கம் இருந்தது. அந்தக் கைப்பழக்கத்தை நம்பி, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

எரிபொருள் ஏன் தீர்ந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

அன்று விமானத்தின் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டிக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற, ஒரு லிட்டரின் எடையால் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கிய எண் 1.77. அது ஒரு லிட்டர் எரிபொருளின் எடைதான், ஆனால் பவுண்டில். கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 0.8. கனடா அப்போது மெட்ரிக் அளவுகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மற்ற விமானங்களுக்கெல்லாம் பவுண்டில் கணக்குப் போட்டுப் பழகியவர்களிடம், கிலோவில் கணக்குக் கேட்கும் புது விமானம் வந்து நின்றது. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே வந்தன. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது.

அந்த 1.77-ஐ இன்னொரு முறை பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால், ஒரு லிட்டர் எரிபொருள் 1.77 கிலோ என்பது அது தண்ணீரைவிட முக்கால் பங்கு கூடுதல் கனம் என்று சொல்வதாகும். தண்ணீரில் விட்டால் கல்லைப் போல அடியில் போய்த் தங்க வேண்டும். விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைப் பார்க்காத மனிதர் யார்? அந்த எண்ணைக் கண்ட கணத்தில் யாராவது ஒருவருடைய கை தயங்கியிருந்தால் போதும்.

அந்த ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பின்னர் நடந்த விசாரணையே நிறுவனத்தின் நடைமுறைகளையும் பயிற்சியையும்தான் பெரிதும் குறைகூறியது. ஆனால் எண்ணெய் மிதக்கும் என்ற அறிவும், 1.77 என்ற எண்ணும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இந்தச் சந்திப்பை நடத்திவைப்பதற்குப் பெயர்தான் அறிவியல் கல்வி என்று நான் நினைக்கிறேன். ஒரு நாட்டின் நாளைய உழைப்பாளிகளுக்கு அது ஏன் அவசியம் என்பதையும் இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம்.

யாருக்கு வேண்டும் இந்தக் கல்வி?

அறிவியல் கல்வி என்றதும் பலருடைய மனதில் வருவது வெள்ளை அங்கி போட்ட விஞ்ஞானி. ஆராய்ச்சியில் மிக முன்னேறிய நாடுகளில்கூட, வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் கிடையாது. அவர்களுக்காக மட்டும் என்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருடம் அறிவியல் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திறமையுள்ள சிலரைப் பொறுக்கியெடுத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். மிச்சமிருக்கும் தொண்ணூற்றேழு பேரை நினைத்துத்தான் இந்தப் பேச்சே.

ஒரு செவிலியர் நோயாளியின் எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு. ஒரு எலக்ட்ரீசியன் கம்பியின் தடிமனைத் தேர்ந்தெடுக்கிறார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் எழும் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இதை உள்ளூர உணர்ந்தவர் ஒரே இணைப்பில் இன்னொரு கருவியைச் சேர்க்கச் சொன்னால் யோசிப்பார். உணவுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு, கெட்டுப்போனதை மறுபடி கொதிக்கவைத்தால் கிருமிகள் செத்தாலும், சில கிருமிகள் அதற்குள் கக்கிவைத்த நச்சு அழியாது என்று தெரிந்திருக்க வேண்டும். விதிப்புத்தகம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் விதிப்புத்தகத்தில் எழுதப்படாத ஒரு நிலைமை வந்து நிற்கும்போது, அந்த விதி எதற்காக வந்தது என்று அறிந்தவர்தான் சரியாக முடிவெடுப்பார்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நகரமே இதை அனுபவித்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. முன்பு வந்த நீரில் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயம் நீரில் கரையாமல் காத்துவந்தது. புதிய நீரில் அதைச் சேர்க்கவில்லை. அரிக்கும் தன்மை கொண்ட நீர் அந்தப் படலத்தைத் தின்றது. ஈயம் வீடுகளுக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்நகரின் மோட்டார் எஞ்சின் தொழிற்சாலை, தன் பாகங்கள் அரிக்கப்படுவதைக் கண்டு அந்த நீரை நிறுத்திவிட்டது. குழந்தைகள் குடித்த குழாய்களில் அது மேலும் ஒரு வருடம் ஓடியது. இரும்பை அரிக்கும் நீர் ஈயக் குழாயை என்ன செய்யும் என்று கேட்க நோபல் பரிசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை உரிய நாற்காலிகளில் உரிய நேரத்தில் கேட்கும் மனிதர்கள் இருந்திருக்க வேண்டும், கேட்டவர்களின் குரல் எடுபட்டிருக்கவும் வேண்டும்.

ஊதா நிறத்தின் கதை

இது தனிமனிதர்களோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நாட்டின் தொழில்வளத்தையே வகுப்பறை புரட்டிப்போட்ட கதை ஒன்று உண்டு. தொழிலும் கல்வியும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

1856-இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கான குவினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மருந்து வரவில்லை, பாத்திரத்தில் கறுப்பாக ஏதோ படிந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது அழகான ஊதா நிறம் வந்தது. பட்டில் ஏறியது, எளிதில் வெளுக்கவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் பெருந்தொழில் இப்படித்தான் பிரிட்டனில் பிறந்தது. நிலக்கரி அங்கே ஏராளம். பணம் இருந்தது. சாயம் வாங்க நெசவாலைகள் இருந்தன. கண்டுபிடித்தவரும் அங்கேயே இருந்தார்.

ஆனால் 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, உலகின் செயற்கைச் சாயங்களில் மிகப் பெரும்பங்கை ஜெர்மனி தயாரித்துக்கொண்டிருந்தது. தன் படைவீரர்களின் சீருடைக்குப் போதிய சாயம் இல்லாமல் பிரிட்டன் திண்டாடியது.

இடையில் நடந்தது என்ன? அதற்குப் பெர்கினின் காலத்துக்கும் முப்பது வருடம் பின்னே போக வேண்டும். 1824-இல் கீசன் என்ற சிறிய ஜெர்மன் ஊரின் பல்கலைக்கழகத்தில் யுஸ்டுஸ் லீபிக் என்பவர் வேதியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். வயது 21. அந்தக் காலத்தில் வேதியியல் வகுப்பு என்றால் பெரும்பாலும் பேராசிரியர் சோதனை செய்வார், மாணவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். லீபிக்கின் கூடத்தில் மாணவர்களே செய்தார்கள். பொருளொன்றைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுவார். 1831-இல் ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை அவர் உருவாக்கினார். ஒரு பொருளில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அளப்பது அதுவரை கைதேர்ந்த சிலருக்கே வசப்பட்டிருந்தது; அந்தப் பகுப்பாய்வை, பழகிய எந்த மாணவரும் நம்பிக்கையோடு செய்ய அது வழிவிட்டது. சாதாரண மாணவனின் கைக்கு எட்டும்படி ஒரு வேலையை எளிதாக்கியது எந்தப் பெரிய கண்டுபிடிப்புக்கும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

கீசனில் படித்தவர்கள் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவி அதே முறையில் கற்பித்தார்கள். தொழில்நுட்பப் பள்ளிகளும் வளர்ந்தன. 1863-இல் பாயர், ஹோக்ஸ்ட் என்ற சாய நிறுவனங்களும் 1865-இல் பி.ஏ.எஸ்.எஃப்.பும் தொடங்கப்பட்டபோது, சோதனைக்கூடத்தில் கை பழகிய வேதியியலாளர்கள் அவற்றுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தார்கள். பிரிட்டனுக்குப் பெர்கின் என்ற ஒரு மேதை கிடைத்தார். ஜெர்மனியிலோ பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானோர் ஒரு சாயத்தைப் பத்து வருடம், பதினைந்து வருடம் பொறுமையாகச் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை அவுரிநீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வெகுதொலைவில் இந்தியாவில் அவுரிச் சாகுபடி சரியத் தொடங்கியது. ஒரு நாட்டின் வகுப்பறையில் நடந்தது இன்னொரு கண்டத்தின் வயல்வரை எட்டியது.

இந்தக் கதையில் மனதை உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பெர்கினுக்கு ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன், லீபிக்கின் மாணவர். 1845-இல் லண்டனுக்கு அழைத்துவரப்பட்டு இருபது வருடம் அங்கே கற்பித்தார். 1865-இல் பெர்லினுக்குத் திரும்பிவிட்டார். நல்ல ஆசிரியர் கையில் இருந்தும், அவரைச் சுற்றி ஒரு கல்வி அமைப்பைக் கட்ட பிரிட்டன் தவறிவிட்டது.

தைவான் இதன் மறுபக்கம். 1976-இல் அதன் அரசுசார் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், இளம் பொறியாளர் குழு ஒன்றை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மின்னணுச் சில்லு தயாரிப்பைக் கற்றுவர அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் தொடங்கிய வேலையிலிருந்துதான் அந்நாட்டின் இன்றைய சில்லுத் தொழில் வளர்ந்தது. கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு இயற்பியலும் வேதியியலும் ஏற்கெனவே கைவசம் இருந்ததால்தான் அந்தப் பயணம் பலன் கொடுத்தது. அடிப்படை இல்லாத குழுவை அனுப்பியிருந்தால் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

இன்றைய வேலைக்கா, நாளைய வேலைக்கா?

"சந்தைக்கு என்ன திறன் தேவையோ அதைச் சொல்லிக்கொடுங்கள், மின்சாரம் பற்றிய ஓம் விதியெல்லாம் எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1950-இல் ஆறு வயதில் பள்ளிக்குப் போன குழந்தை, 60 வயதில் ஓய்வுபெறும்போது 2004. அந்தக் குழந்தை பள்ளியில் சேர்ந்தபோது ஒருங்கிணைந்த மின்சுற்று கிடையாது. அது 1958-இல் வந்தது. இணைய வலை 1989-இல்தான் யோசனையாகவே முன்வைக்கப்பட்டது. 1950-இன் சந்தைத் திறனை மட்டும் கற்றிருந்தால் பாதி வழியிலேயே கைவிடப்பட்டிருப்பார். ஓம் தன் விதியை வெளியிட்டது 1827-இல். வெற்றிடக்குழாய் வானொலியைப் பழுதுபார்த்தவருக்கும் அது உதவியது. இன்று மின்கார் மின்கலத்தைச் சோதிப்பவருக்கும் உதவுகிறது.

கருவிப் பயிற்சி தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. கருவியைச் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம். அதற்கு அடியில் இருக்க வேண்டிய அறிவு வளரப் பல வருடங்கள் பிடிக்கும், அதுவும் இளம் வயதில் தொடங்கினால்தான் எளிது. அதனால்தான் அந்தப் பொறுப்பு பள்ளியின் தலையில் விழுகிறது.

மதிப்பெண் இருந்தும் புரியாமல் போவது

அப்படியானால் பாடவேளையைக் கூட்டி, பாடப்புத்தகத்தைத் தடிமனாக்கினால் போதுமா? போதாது. 1987-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், மாணவர்கள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம் கேமராவுக்கு முன்னால் கேட்டார்கள்: பருவங்கள் ஏன் மாறுகின்றன? நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? 21 பேரால் சரியான விளக்கம் தர முடியவில்லை. கோடையில் பூமி சூரியனுக்கு அருகே போய்விடுகிறது என்பது அவர்களில் பலர் தன்னம்பிக்கையோடு சொன்ன பதில்.

பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பது. நம் பக்கம் சூரியனை நோக்கிச் சாயும் மாதங்களில் வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. வியப்பு எதுவென்றால், இங்கே குளிர்காலமாக இருக்கும்போது ஆஸ்திரேலியாவில் கோடை என்பது அந்த 21 பேருக்கும் தெரிந்தே இருந்திருக்கும். தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே! மறுபடியும் அதே கதை. இரண்டு அறிவுகள் ஒரே தலையில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன, நடுவில் கதவு இல்லை.

அதே ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், சூத்திரங்களில் தேர்ந்த தன் மாணவர்களுக்கு விசை பற்றிய மிக எளிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு கள்ளமும் இல்லை. தேர்வுக்கு ஓர் உலகம், வாழ்வதற்கு வேறோர் உலகம் என்று அந்தப் பெண் நேர்மையாக நம்பியிருக்கிறார். மஸூர் தன் விரிவுரையை மாற்றினார். கேள்வி போடுவார்; ஒவ்வொருவரும் தனியே விடை சொல்ல வேண்டும்; பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும்; மறுபடி விடை சொல்ல வேண்டும். வாதாடும்போதுதான் அந்தக் கதவு திறக்கிறது. இப்படி மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்புகளை வெறும் விரிவுரையோடு ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

இங்கே ஒன்றைக் கோபத்தோடு சொல்லத்தான் வேண்டும். சோதனைக்கூடத்தில் தனக்கு வந்த அளவீட்டை அழித்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் "சரியான" எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுத ஒரு மாணவனைப் பழக்குகிறோம் என்றால், நாம் அறிவியலைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மாணவன் நாளை மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பான், பாலத்தின் காங்கிரீட்டைச் சோதிப்பான். எண் ஒத்துவராதபோது என்ன செய்ய வேண்டும் என்று அவன் பதினைந்து வயதில் கற்றதைத்தான் அங்கேயும் செய்வான். வந்த எண்ணை அப்படியே எழுது, ஏன் மாறியது என்று தேடு என்று சொல்லும் ஒரு ஆசிரியர், விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த கூடத்தைவிட மதிப்பு மிக்கவர்.

அத்தகைய ஆசிரியர்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. இயற்பியல் நன்றாகத் தெரிந்தவருக்கு வேறு துறைகள் கூடுதல் சம்பளம் தருகின்றன. பல நாடுகளில் வேறு பாடம் படித்தவர்கள்தான் இயற்பியல் வகுப்பை நடத்துகிறார்கள். இன்னொரு சங்கடம் காலம். முதல் வகுப்பில் இன்று செய்யும் மாற்றம் வேலைக்களத்தில் தெரிய பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் பல ஆட்சிகள் மாறிவிடும். உடனே பெயர் வாங்கித் தராத வேலைக்கு நிதி ஒதுக்கத் தனி உறுதி வேண்டும். பெண்குழந்தைகளை இதிலிருந்து தள்ளிவைத்தால் நாட்டின் திறமையில் பாதியைத் தொடாமலே விட்டுவிடுகிறோம். உலகின் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறார்கள்.

நல்ல அறிவியல் கல்வி கொடுத்துவிட்டால் வேலைகள் தானாக முளைக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் படித்தவர்களை எடுத்துக்கொள்ள சாய நிறுவனங்கள் இருந்தன. படித்தவர்களுக்குக் கூடமும் தொழிற்சாலையும் மரியாதையும் இல்லாத நாடு, ஹோஃப்மனை இழந்ததுபோல அவர்களை இழக்கும். கல்வி விதை மட்டுமே. மண்ணையும் தயார் செய்தாக வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை யாராவது உங்கள் அருகில் இருந்தால், ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவுக்குக் கூடவா குறைவா என்று கேட்டுப் பாருங்கள். விடை சொன்னதும் விட்டுவிடாமல், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சமையல் எண்ணெயை ஊற்றிப் பிள்ளையே காட்டட்டும். பிறகு, ஐஸ் கட்டியைப் போட்டால் எங்கே நிற்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஐஸின் அடர்த்தியும் எண்ணெயின் அடர்த்தியும் 0.92-க்கு அருகருகே (லிட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில்) இருப்பதால், எந்த எண்ணெய், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து விடை மாறும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். ஐஸ் உருகும்போது அதன் அடியில் ஒரு துளி திரண்டு, பிரிந்து, எண்ணெய்க்குள் மெல்ல இறங்கி, கீழே இருக்கும் தண்ணீரோடு போய்ச் சேரும்.